மூளைப் படத்தை நம்பி டீம் லீடரைத் தேர்ந்தெடுக்கலாமா? உளவியல் தேர்வுகளைச் சரியாகப் பயன்படுத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நிறுவனங்களுக்கு உளவியல் தேர்வுகளை விற்க வருபவர்களின் விளக்கக் கோப்பில் இப்போதெல்லாம் ஒரு மூளைப் படம் தவறாமல் இருக்கிறது. நீலமும் சிவப்புமாக ஒளிரும் படம், அதன் கீழே ‘நரம்பியல் அடிப்படையிலான தலைமைத்திறன் மதிப்பீடு’ என்று ஒரு வரி. சும்மா வைப்பதில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் டீனா வைஸ்பர்க் குழுவினர் 2008இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இருக்கிறது. மனித நடத்தை பற்றிய சில விளக்கங்களை எடுத்துக்கொண்டார்கள். சில நல்ல விளக்கங்கள், சில ஓட்டையானவை. சம்பந்தமே இல்லாத மூளைத் தகவல் ஒன்றைச் சேர்த்தும் சேர்க்காமலும் அவற்றை ஆட்களிடம் காட்டினார்கள். மூளைத் தகவல் சேர்ந்ததும் ஓட்டை விளக்கங்கள்கூட நம்பும்படி தெரிந்தன. நரம்பியல் வகுப்பில் படித்துக்கொண்டிருந்த மாணவர்களே இதில் விழுந்தார்கள். அந்தத் துறையில் ஊறியவர்கள் மட்டும்தான் தப்பினார்கள்.

ஆலையிலோ அலுவலகத்திலோ யாரை டீம் லீட் ஆக்குவது, யாரை ஷிப்ட் சூப்பர்வைசர் ஆக்குவது என்று முடிவெடுக்க வேண்டிய எச்ஆர்காரர்களுக்கும், எச்ஆர் துறையே இல்லாத சிறு நிறுவன முதலாளிகளுக்கும் இந்த வழிகாட்டி. என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஆளைத் தேர்ந்தெடுக்கும் கட்டத்தில் மூளை அறிவியலால் இன்று பெரிய உபயோகம் இல்லை. அங்கே பழைய கேள்வித்தாளும் ஒழுங்காக நடத்திய நேர்காணலும்தான் வேலை செய்கின்றன. தேர்ந்தெடுத்த ஆள் அந்த நாற்காலியில் வீணாகிப் போகாமல் பார்த்துக்கொள்ளும் கட்டத்தில்தான் மூளை அறிவியல் நிஜமாகவே கைகொடுக்கிறது. ஆனால் அந்த இடத்தில் விற்க எதுவும் இல்லாததால் யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.

படி 1: தேர்வை வாங்கும் முன் வேலையை எழுதுங்கள்

நன்றாக வேலை செய்பவரை மேலே தூக்கி வைப்பது நம் எல்லோருக்கும் பழக்கம். அமெரிக்காவில் நூற்றுக்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பிரிவுகளை ஆராய்ந்து பென்சன், லீ, ஷூ ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்கள் 2019இல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அதிகம் விற்றவர்களுக்குத்தான் பதவி உயர்வு கிடைக்கிறது. ஆனால் பதவி உயர்வுக்கு முன்னால் எவ்வளவு அதிகம் விற்றாரோ, மேலாளரான பின் அவர் குழுவின் விற்பனை அவ்வளவு மோசமாகிறது என்று கண்டார்கள். சொந்தமாக வேலையை முடிப்பது ஒரு திறமை, பிறரை வைத்து முடிப்பது இன்னொரு திறமை.

அதனால் முதலில் ஒரு வெள்ளைத் தாள். ஏற்கெனவே அந்தப் பதவியில் இருக்கும் நாலைந்து பேரைக் கூப்பிட்டு, ‘போன வருஷத்தில் உங்களுக்கு ரொம்பக் கஷ்டமாகப் போன மூன்று நாட்களைச் சொல்லுங்கள், அன்று என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். ஜான் ஃபிளனகன் 1954இலேயே எழுதி வைத்த முறை இது, இன்றும் இதை மிஞ்சியது இல்லை. ‘தலைமைப் பண்பு வேண்டும், தொலைநோக்கு வேண்டும்’ என்ற சொற்கள் அந்தத் தாளில் வரக்கூடாது. ‘இரவு ஷிப்டில் இரண்டு பேர் வரவில்லை, லோடு அனுப்பியாக வேண்டும், யாரை எங்கே மாற்றுவது’ என்பது போன்றவைதான் வர வேண்டும். பதினைந்து இருபது சம்பவங்கள் சேர்ந்ததும் நாலைந்து குணங்கள் தாமாகவே தெரியும். அவற்றை மட்டும் அளந்தால் போதும். இந்தப் படியைத் தாண்டிப் போகிறவர்கள் விற்பனையாளர் எதை அளக்கிறாரோ அதையே தேவை என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

படி 2: எந்த வகைத் தேர்வு எதை அளக்கிறது

உளவியல் தேர்வுகளுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. பாரிஸில் பினே, சிமோன் இருவரும் 1905இல் பள்ளிப் பிள்ளைகளுக்காகத் தொடங்கியது 1917இல் அமெரிக்க ராணுவத்துக்குப் போனது. ஆல்ஃபா, பீட்டா என்று இரண்டு தேர்வுகளைப் பதினேழு லட்சம் வீரர்கள் எழுதினார்கள். அங்கிருந்து தொழிற்சாலைகளுக்கு வந்தது.

இன்று நீங்கள் சந்திக்கப்போவது பெரும்பாலும் நாலு வகை. முதலாவது அறிவுத்திறன் தேர்வு: எண், சொல், உருவம் வைத்து யோசிக்கும் வேகம். இரண்டாவது ஆளுமைக் கேள்வித்தாள். மூன்றாவது சூழ்நிலைத் தேர்வு: ‘இப்படி நடந்தால் என்ன செய்வீர்கள்’ என்று கேட்டு நாலு விடை தருவது. நாலாவது, ஆட்களை வகைவகையாகப் பிரித்து முத்திரை குத்துவது.

நாலாவதை முதலில் முடித்துவிடலாம். எம்பிடிஐ எனப்படும் மயர்ஸ்-பிரிக்ஸ் தேர்வுதான் இதில் பிரபலம். காதரின் பிரிக்ஸும் மகள் இசபெல் பிரிக்ஸ் மயர்ஸும் உளவியலாளர் கார்ல் யுங்கின் கருத்துகளிலிருந்து உருவாக்கியது. மனிதர்களைப் பதினாறு வகையாகப் பிரிக்கும். ஆனால் மனிதர்கள் அப்படி வகைகளாக விழுவதில்லை. பெரும்பாலோர் நடுவில்தான் இருக்கிறார்கள், கோட்டுக்கு இந்தப் பக்கம் ஒரு மதிப்பெண், அந்தப் பக்கம் ஒரு மதிப்பெண். அதனால் சில வாரம் கழித்து மறுபடி எழுதினால் ஏராளமானோருக்கு வகையே மாறிவிடுகிறது. ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதை வெளியிடும் நிறுவனமே சொல்கிறது. டீம் அவுட்டிங்கில் அரட்டைக்கு வைத்துக்கொள்ளலாம்.

ஆளுமையை அளப்பதில் ஆராய்ச்சியாளர்கள் பெரும்பாலும் ஒத்துப்போகும் சட்டகம் ஐந்து பெருங்குணங்கள். புதியதை ஏற்கும் மனம், பொறுப்புணர்வு, பிறரோடு கலகலப்பாகப் பழகும் தன்மை, இணங்கிப்போகும் தன்மை, மனத் தத்தளிப்பு. ஒவ்வொன்றிலும் நீங்கள் ஓர் அளவுகோலின் எங்கோ ஓரிடத்தில் இருப்பீர்கள், பெட்டிக்குள் அடைபட மாட்டீர்கள். திமோதி ஜட்ஜ் குழுவினர் 2002இல் பல ஆய்வுகளைத் திரட்டி இந்த ஐந்துக்கும் தலைமைக்கும் உள்ள தொடர்பைக் கணக்கிட்டார்கள் (0 என்றால் தொடர்பே இல்லை, 1 என்றால் முழுத் தொடர்பு). கலகலப்புக்கு 0.31, பொறுப்புணர்வுக்கு 0.28, புதியதை ஏற்கும் மனத்துக்கு 0.24, தத்தளிப்புக்கு எதிர்த்திசையில் 0.24. இணங்கிப்போகும் தன்மைக்கு 0.08தான், கிட்டத்தட்ட ஒன்றுமில்லை.

0.31 என்றால் நடைமுறையில் என்ன? கண்ணை மூடிக்கொண்டு ஆளைத் தேர்ந்தெடுத்தால் நூற்றுக்கு 50 பேர் சராசரிக்கு மேற்பட்ட தலைவர்களாக இருப்பார்கள். அந்தக் குணத்தில் சராசரிக்கு மேல் மதிப்பெண் பெற்றவர்களிடமிருந்து மட்டும் எடுத்தால் 60 பேர் அப்படி இருப்பார்கள். அவ்வளவுதான். பத்துப் பேர் கூடுதலாகக் கிடைப்பது பெரிய விஷயம், அதைக் கேலி செய்யவில்லை. ஆனால் மீதி 40 பேர் சறுக்குவார்கள் என்பதை மனதில் வைத்துக்கொண்டுதான் அறிக்கையைத் திறக்க வேண்டும். இன்னொன்று: கலகலப்பானவர் தலைவராகப் பிறர் கண்ணுக்குச் சட்டென்று தெரிகிறார், ஆனால் வேலையை நடத்துவதில் அவருக்கு அவ்வளவு அனுகூலம் இல்லை. அதே ஆய்வே இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கிறது. கூட்டத்தில் நிறையப் பேசுபவரை ‘லீடர் மெட்டீரியல்’ என்று சொல்லிவிடும் நம் பழக்கம் இதில்தான் மாட்டிக்கொள்கிறது.

ராணுவ அதிகாரித் தேர்வுக்கு எஸ்எஸ்பி போய் வந்த நண்பர்கள் வேறொரு வகையைச் சொல்வார்கள். படம் பார்த்துக் கதை எழுதுவது, ஒரு சொல்லைக் காட்டியதும் 15 விநாடிக்குள் வாக்கியம் எழுதுவது. இதைப் பார்த்துத் தாங்களும் நடத்தலாமே என்று சில நிறுவனங்கள் கிளம்புகின்றன. வேண்டாம். அங்கே அது ஐந்து நாள் நடக்கும் தேர்வின் ஒரு துண்டு. குழுப் பணிகள், தனி நேர்காணல், கடைசியில் எல்லா மதிப்பீட்டாளர்களும் சேர்ந்து உட்காரும் கூட்டம் என்று மற்றவை எல்லாம் இருக்கின்றன. அதிலிருந்து சொல் தேர்வை மட்டும் பிய்த்துக்கொண்டு வந்தால் கையில் கிடைப்பது திருத்துபவரின் கற்பனைதான்.

படி 3: விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை

மூன்று கேள்வி போதும். ஒன்று: இதே ஆள் ஒரு மாதம் கழித்து எழுதினால் இதே மதிப்பெண் வருமா, அந்த எண் என்ன? 0.8ஐ ஒட்டி இருந்தால் பரவாயில்லை. அப்போதும்கூடச் சராசரி 50, திட்டவிலக்கம் (சராசரியிலிருந்து மதிப்பெண்கள் பரவியிருக்கும் அளவு) 10 உள்ள அளவுகோலில் ஒருவருடைய மதிப்பெண் நாலைந்து புள்ளி அங்குமிங்கும் ஆடும். 58 வாங்கியவர் 54 வாங்கியவரைவிட மேல் என்று நினைப்பது வெறும் கற்பனை. இரண்டு: இந்த மதிப்பெண் யாருடைய வேலையை முன்கூட்டிச் சொன்னது, எந்த நாட்டில், எந்தப் பதவியில்? ‘உலகம் முழுக்க லட்சக்கணக்கானோர் எழுதியது’ என்பது இதற்குப் பதில் இல்லை. எத்தனை பேர் எழுதினார்கள் என்பதால் தேர்வு சரியானது என்று ஆகாது. மூன்று: என் ஆட்களை யாரோடு ஒப்பிடுகிறீர்கள்? ஒரகடத்தில் இருக்கும் லைன் சூப்பர்வைசரை அமெரிக்கப் பட்டதாரிகளின் சராசரியோடு ஒப்பிட்டால் வரும் எண்ணுக்குப் பொருள் இல்லை.

மொழி பற்றியும் கேளுங்கள். தமிழில் யோசித்து, தமிழில் ஆள் நடத்துபவரிடம் ஆங்கிலக் கேள்வித்தாளை நீட்டினால் நீங்கள் அளப்பது பாதிக்குப் பாதி அவருடைய ஆங்கிலம். தமிழ் வடிவம் இருந்தால், அதை எழுதித் தனியாகச் சோதித்தார்களா என்று கேட்க வேண்டும். மொழிபெயர்ப்பு மென்பொருளில் போட்டு எடுத்திருந்தால் இரண்டு பக்கம் படித்ததுமே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

‘எங்கள் ரிப்போர்ட்டைப் படித்தவர்கள் எல்லாம் அப்படியே என்னைப் பற்றிச் சொன்னது போல இருக்கிறது என்கிறார்கள்’ என்று விற்பனையாளர் சொன்னால் மயங்காதீர்கள். 1948இல் பெர்ட்ராம் ஃபோரர் தன் மாணவர்களுக்கு ஓர் ஆளுமைத் தேர்வு வைத்து, ஆளுக்கொரு அறிக்கை கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று கேட்டதற்கு ஐந்துக்கு 4.26 சராசரியாகப் போட்டார்கள். எல்லோருக்கும் கொடுத்தது ஒரே அறிக்கை. அதை அவர் ஒரு ஜோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார்.

படி 4: மூளை பற்றிய வாக்குறுதிகளை வடிகட்டுங்கள்

இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும்.

மூளைக்கும் தலைமைக்கும் தொடர்பு உண்டா என்றால், உண்டு. நரம்பியல் பாடப்புத்தகங்களின் மிகப் புகழ்பெற்ற நோயாளியே ஒரு டீம் லீடர்தான். பினியஸ் கேஜ் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் ரயில் பாதை போடும் கூலிக் குழுவின் ஃபோர்மேன். 1848 செப்டம்பர் 13 அன்று பாறைக்கு வெடி வைக்கும்போது ஒரு மீட்டருக்கு மேல் நீளமான இரும்புக் கம்பி கன்னத்தில் நுழைந்து உச்சந்தலை வழியாக வெளியே பாய்ந்தது. உயிர் பிழைத்தார். அதற்கு முன்னால் அவருடைய முதலாளிகள் அவரைத் திறமையான ஃபோர்மேன் என்று மெச்சியிருந்தார்கள். அப்புறம் அந்த வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை. நிதானம் போய்விட்டது, போட்ட திட்டத்தில் நிற்கவில்லை என்று மருத்துவர் ஹார்லோ எழுதினார். நெற்றிக்குப் பின்னால் இருக்கும் முன்மூளை, ஆசையை அடக்கவும் அடுத்தடுத்து யோசிக்கவும் தேவை என்பதற்கு அவர் இன்றும் உதாரணம். பாடப்புத்தகங்கள் பெரும்பாலும் விட்டுவிடும் மறுபாதி: அதே கேஜ் பிற்பாடு சிலி நாட்டில் பல வருடம் குதிரை வண்டி ஓட்டினார். ஒழுங்கான நேரம், தெளிவான வழித்தடம் உள்ள வேலையில் அவரால் நிலைக்க முடிந்தது.

காயம்பட்ட மூளையிலிருந்து ஒன்றைக் கற்றுக்கொள்வது வேறு. ஆரோக்கியமான இரண்டு ஊழியர்களின் மூளையை வைத்து யார் நல்ல மேலாளர் என்று சொல்வது முற்றிலும் வேறு. அதற்கு இன்று வழி இல்லை. 2022இல் ஸ்காட் மாரெக் குழுவினர் சுமார் 50,000 பேரின் ஸ்கேன்களை வைத்து நேச்சர் இதழில் எழுதினார்கள். மூளை அமைப்புக்கும் மனத்தின் குணங்களுக்கும் உள்ள தொடர்புகள் மிகச் சிறியவை, அவற்றை நம்பும்படி கண்டுபிடிக்க ஆயிரக்கணக்கானோரை ஸ்கேன் செய்ய வேண்டும் என்பது முடிவு. இந்தத் துறையில் வழக்கமான ஆய்வு இருபத்தைந்து பேரை வைத்துத்தான் நடந்துகொண்டிருந்தது. மறுபடி சோதித்தபோதும் நின்ற தொடர்புகளில் மிகப் பெரியதே 0.16. பத்து நிமிடக் கேள்வித்தாள் இதைத் தோற்கடிக்கிறது.

எஃப்எம்ஆர்ஐ (மூளையில் ரத்த ஓட்டம் மாறுவதைக் காட்டும் ஸ்கேன்) படத்தைப் பார்த்து வியப்பவர்களுக்கு ஒரு மீன் கதை. கிரெய்க் பென்னட் குழுவினர் 2009இல் கடையில் வாங்கிய செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிகளைக் காட்டும் படங்களை அதற்குக் காட்டினார்கள். புள்ளியியல் திருத்தம் செய்யாமல் கணக்குப் போட்டால் மீனின் மூளையில் சில இடங்கள் ‘ஒளிர்ந்தன’. ஸ்கேனர் பொய் என்பதற்கு அல்ல, கணக்கில் ஒழுக்கம் இல்லாவிட்டால் செத்த மீனும் யோசிக்கும் என்று காட்டத்தான் செய்தார்கள்.

இனி உங்கள் மேசைக்கு வரும் பேச்சுகளை ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

‘இவர் இடது மூளைக்காரர், அதனால் கணக்கில் வல்லவர், அவர் வலது மூளைக்காரர், படைப்பாளி.’ தள்ளுபடி. இரண்டு அரைக்கோளங்களுக்கும் வேலைப் பங்கீடு உண்டு என்பது உண்மை, ரோஜர் ஸ்பெரிக்கு அதற்காகத்தான் 1981இல் நோபல் பரிசு. ஆனால் யூட்டா பல்கலைக்கழகத்தில் 2013இல் 1,011 பேரின் ஸ்கேன்களைப் பார்த்தபோது ஒரு பக்கமே ஓங்கிய ஆட்கள் என்று யாரும் தென்படவில்லை.

‘பல்லி மூளை கோபப்படுகிறது, மனித மூளை யோசிக்கிறது.’ பால் மக்லீன் சொன்ன மூன்றடுக்கு மூளைக் கருத்து இது. பரிணாம நரம்பியலாளர்கள் இதைக் கைவிட்டு நெடுநாள் ஆகிறது.

‘எங்கள் ஹெட்செட் மூளை அலைகளை வைத்து உங்கள் மேலாளர்களின் கவனத்தை அளக்கும்.’ தலைமுடிக்கு மேல் வைக்கும் மலிவான இஇஜி கருவிகள் கண் சிமிட்டலையும் தாடை அசைவையும் சேர்த்துத்தான் பதிகின்றன. கவனம் அளந்தாலும் தலைமை அளந்ததாக ஆகாது.

கடைசியாக வருவது மூளை விளையாட்டுகள். இவைதான் கொஞ்சம் சிக்கலானவை, ஏனென்றால் பின்னால் நிஜமான அறிவியல் இருக்கிறது. பலூனை ஊதிக்கொண்டே போய் வெடிக்கும் முன் நிறுத்துவது ரிஸ்க் எடுக்கும் தன்மையை அளக்கும். சிவப்பு என்ற சொல்லைப் பச்சை மையில் எழுதி மையின் நிறத்தைச் சொல்லச் சொல்வது சுயக்கட்டுப்பாட்டை அளக்கும். 1935இல் ஸ்ட்ரூப் எழுதியது. ஆய்வகத்தில் இவை அருமையான கருவிகள். எல்லோரும் அந்தப் பச்சை மையில் தடுமாறுகிறார்கள் என்பதால்தான் அவை புகழ்பெற்றன. அந்தப் புகழே இங்கே பிரச்சினை. எல்லோரும் கிட்டத்தட்ட ஒரே அளவுக்குத் தடுமாறினால் ஒருவரை இன்னொருவரிடமிருந்து பிரித்துக் காட்ட அது உதவாது. கிரெய்க் ஹெட்ஜ் குழுவினர் 2018இல் இதைத்தான் காட்டினார்கள். பிற்பாடு ஸ்டான்ஃபோர்டில் நடந்த ஆய்வில், சுயக்கட்டுப்பாட்டை அளக்கும் விளையாட்டுகளை அதே ஆட்கள் மறுபடி செய்தபோது மதிப்பெண்கள் கண்டபடி மாறின. அதையே கேள்வித்தாளில் கேட்டபோது நிலையாக இருந்தன. ஒரே மூட்டைக்குக் காலையில் ஒன்றும் மாலையில் ஒன்றும் எடை காட்டும் தராசில் யாரும் நெல் விற்க மாட்டார்கள். பதவி உயர்வை மட்டும் அதில் போட்டு நிறுக்கலாமா?

படி 5: தேர்வு நடத்தும் நாள்

என்ன அளக்கிறீர்கள், யார் பார்ப்பார்கள், எவ்வளவு நாள் வைத்திருப்பீர்கள், எழுத மறுத்தால் என்ன ஆகும். இவற்றை ஒரே பக்கத்தில் தமிழில் எழுதிக் கையில் கொடுங்கள். இரவு ஷிப்ட் முடிந்து வருபவரை நேராகத் தேர்வு அறைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தூங்காமல் 17 மணி நேரம் விழித்திருப்பவரின் செயல்திறன் ரத்தத்தில் 0.05 சதவீதம் மது உள்ளவரின் அளவுக்கு இறங்கிவிடுகிறது என்று வில்லியம்சன், ஃபேயர் இருவரும் 2000இல் காட்டினார்கள். நம் நாட்டில் வண்டி ஓட்ட அனுமதிக்கும் அளவே 0.03தான்.

மனநோயைக் கண்டறியும் தேர்வுகள் பக்கமே போகாதீர்கள். அமெரிக்காவில் ரென்ட்-ஏ-சென்டர் நிறுவனம் மேலாளர் பதவி உயர்வுக்கு எம்எம்பிஐ என்ற தேர்வின் கேள்விகளை வைத்தது. அது மருத்துவப் பரிசோதனைக்குச் சமம், சட்டவிரோதம் என்று 2005இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலையிடத்தில் செயற்கை நுண்ணறிவை வைத்து ஊழியர்களின் உணர்ச்சியை ஊகிப்பது 2025 பிப்ரவரி முதல், மருத்துவ, பாதுகாப்புக் காரணங்கள் தவிர, தடை. நம் உச்ச நீதிமன்றமும் 2010இல் செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கில், ஒருவரின் சம்மதம் இல்லாமல் அவர்மேல் உண்மை கண்டறியும் சோதனையோ மூளை வரைபடச் சோதனையோ நடத்தக் கூடாது என்றது. அது குற்ற விசாரணை பற்றிய தீர்ப்பு, அலுவலகம் பற்றியது அல்ல. ஆனால் மண்டைக்குள் எட்டிப் பார்ப்பதை நீதிமன்றம் எப்படிப் பார்க்கிறது என்று தெரிந்துகொள்ள அது போதும். 2023இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது. மூளை அலைப் பதிவு ஒன்றை உங்கள் சர்வரில் வைத்திருப்பதற்கு முன் வக்கீலிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

படி 6: நேர்காணலைக் கட்டமைத்து, கூட்டிக் கழித்துப் பாருங்கள்

தேர்வு முறைகளில் எது எவ்வளவு உதவும் என்ற பழைய கணக்கை பால் சாக்கெட் குழுவினர் 2022இல் திருத்தினார்கள். அதுவரை உச்சியில் இருந்த அறிவுத்திறன் தேர்வு 0.51இலிருந்து 0.31க்கு இறங்கியது. மேலே வந்தது கட்டமைத்த நேர்காணல், 0.42. வேலை அறிவுத் தேர்வு 0.40, வேலையையே சிறிதாகச் செய்து காட்டச் சொல்லும் சோதனை 0.33. உங்களிடம் காசில்லை, நேரமில்லை என்றால் எல்லாத் தேர்வையும் விட்டுவிட்டு நேர்காணலை மட்டும் ஒழுங்குபடுத்துங்கள்.

ஒழுங்கு என்றால் இது: படி 1இல் எழுதிய சம்பவங்களிலிருந்து ஆறு கேள்வி. எல்லோருக்கும் அதே ஆறு, அதே வரிசை. ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு மதிப்பெண் பதில் எப்படி இருக்கும், மூன்று எப்படி, ஐந்து எப்படி என்று முன்கூட்டியே எழுதி வைக்க வேண்டும். உதாரணமாக, ‘உங்கள் டீமில் ஒருவர் எல்லோர் முன்னாலும் உங்களை எதிர்த்துப் பேசுகிறார், அவர் சொல்வதில் பாதி சரி. என்ன செய்வீர்கள்?’ அடக்கிவிடுவேன் என்பவருக்கு 1. பிறகு தனியாகக் கூப்பிட்டுப் பேசுவேன் என்பவருக்கு 3. சரியான பாதியை அங்கேயே ஒப்புக்கொண்டு, மீதியைத் தனியாகப் பேசி, முடிவை மறுபடி டீமுக்குச் சொல்வேன் என்பவருக்கு 5. நேர்காணல் செய்யும் இரண்டு பேரும் ஒருவர் மதிப்பெண்ணை மற்றவர் பார்க்கும் முன்பே எழுதி முடிக்க வேண்டும். ‘எந்த ஊர் நீங்க, அப்பா என்ன பண்றார்’ என்ற பேச்செல்லாம் டீ குடிக்கும்போது வைத்துக்கொள்ளலாம். அதற்கு மதிப்பெண் இல்லை.

எல்லா எண்களும் வந்த பிறகு, மனக்கணக்கில் கலக்காமல் எளிய கூட்டல் போடுங்கள். நேர்காணலுக்கு 40, வேலை மாதிரிச் சோதனைக்கு 30, பொறுப்புணர்வும் மன நிதானமும் சேர்ந்து 20, அறிவுத்திறனுக்கு 10 என்று நான் வைப்பேன். உங்கள் வேலைக்கு வேறு மாதிரி வரலாம், ஆனால் ஆட்களைப் பார்க்கும் முன்பே முடிவு செய்யுங்கள். 1954இல் உளவியலாளர் பால் மீல் எழுதியது தொடங்கி இன்றுவரை, நிபுணரின் உள்ளுணர்வைவிட இந்த மொட்டைக் கூட்டல்தான் திரும்பத் திரும்ப ஜெயிக்கிறது. கூட்டல் சொன்ன ஆளை மாற்ற விரும்பினால் மாற்றலாம், காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும் என்று ஒரு விதி வையுங்கள். மாற்றங்கள் வெகுவாகக் குறைந்துவிடும்.

ஆளுமைக் கேள்வித்தாளுக்கு 20க்கு மேல் கொடுக்காததற்குக் காரணம் உண்டு. பதவி கண் முன்னே இருக்கும்போது ‘நான் எடுத்த வேலையை முடிப்பேன்’ என்ற வரிக்கு யார்தான் இல்லை என்று டிக் அடிப்பார்கள்?

படி 7: முடிவைச் சொல்லும் விதம்

அறிக்கையை மின்னஞ்சலில் அனுப்பிவிட்டு வேலை முடிந்தது என்று இருக்காதீர்கள். க்ளூகர், டெனிசி 1996இல் திரட்டிய ஆய்வுகளில், ஒருவருடைய வேலையைப் பற்றி அவரிடம் கருத்துச் சொன்ன சந்தர்ப்பங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆளின் வேலை முன்னைவிட மோசமானது. பேச்சு வேலையை விட்டு ஆளின் மீது திரும்பும்போதுதான் கெடுகிறது. பதவி கிடைக்காதவரிடம் பேசுவது இப்படிப் போகலாம்:

“மேடம், நான் கோபக்காரன்னு ரிப்போர்ட்ல போட்டிருக்கா?”

“இல்லைங்க. நெருக்கடி வந்தா மனசு படபடக்கும்னு நீங்களே பதில் சொல்லியிருக்கீங்க. போன மாசம் மெஷின் நின்ன அன்னைக்கு என்ன நடந்துச்சு, சொல்லுங்க.”

“எல்லாத்தையும் நானே ஓடி ஓடிப் பார்த்தேன். யாரையும் விடலை.”

“அதைப் பத்தித்தான் பேசணும். அடுத்த தடவை யார்கிட்ட எதைக் கொடுக்கலாம்?”

இந்த உரையாடலில் எங்கேயும் குண முத்திரை இல்லை, மூளை இல்லை. ‘உங்கள் அமிக்டலா (பயம் போன்ற உணர்ச்சிகளோடு தொடர்புள்ள மூளைப் பகுதி) அதிகம் வேலை செய்கிறது’ என்று ஒருவரிடம் சொன்னால், மாற்ற முடியாத ஒன்றைச் சொன்னதாக அவர் எடுத்துக்கொள்வார்.

படி 8: பதவிக்கு வந்தவரின் மூளையைக் காப்பாற்றுங்கள்

இப்போதுதான் நரம்பியலுக்கு வேலை. யேலில் ஏமி ஆர்ன்ஸ்டன் பல்லாண்டுகளாக முன்மூளையின் மேல் மன அழுத்தம் செய்யும் வேலையை ஆராய்ந்து வருகிறார். நம் கையை மீறிய அழுத்தம் வரும்போது முன்மூளையில் நோராட்ரினலின், டோபமின் என்ற வேதிப்பொருள்கள் அளவுக்கு மீறிச் சுரந்து, நிதானமாக யோசிக்க உதவும் நரம்பு இணைப்புகளைத் தளர்த்திவிடுகின்றன. பழக்க வழியில் சட்டென்று எதிர்வினை காட்டும் பகுதிகள் அந்த இடத்தை எடுத்துக்கொள்கின்றன. நேர்காணலில் ஐந்து மதிப்பெண் பதில் சொன்ன அதே ஆள் மாதக் கடைசியில் டீமைப் பார்த்துக் கத்துவது இதனால்தான். குணம் மாறவில்லை, சூழல் மாறிவிட்டது.

இங்கே ‘கையை மீறிய’ என்பதுதான் முக்கியம். அழுத்தம் அதே அளவில் இருந்தாலும், அதைச் சமாளிக்கும் பிடி தன் கையில் இருக்கிறது என்று உணர்பவருக்குப் பாதிப்பு குறைகிறது. ஆக, புதிய டீம் லீடுக்குப் பொறுப்பை மட்டும் கொடுத்து அதிகாரத்தைக் கொடுக்காமல் இருப்பதுதான் நீங்கள் செய்யக்கூடிய மிக மோசமான காரியம். லீவு ஒப்புக்கொள்ள, ஷிப்ட் மாற்ற, ஒரு தொகைவரை செலவு செய்ய அவருக்கு எந்த அளவு உரிமை என்று முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

அடுத்தது தூக்கம். மேலாளரின் தூக்கம் கெட்ட மறுநாள் அவர் டீமிடம் கடுமையாக நடந்துகொள்வது கூடுகிறது, டீமுக்கு வேலையில் ஈடுபாடு குறைகிறது என்று கிறிஸ்டோபர் பார்ன்ஸ் குழுவினர் 2015இல் எழுதினார்கள். இரவு 11 மணிக்கு வாட்ஸ்அப் குழுவில் கேள்வி கேட்கும் முதலாளி, பதவி உயர்வுத் தேர்வுக்குச் செலவழித்த பணத்தை அங்கேயே இறைக்கிறார். பத்து மணிக்குப் பிறகு போன் செய்தால் மட்டும் அவசரம், மெசேஜ் எல்லாம் காலைக்கு என்று ஒரு வழக்கம் வைப்பதற்குச் செலவு ஒன்றுமில்லை.

பிறகு, துண்டு துண்டான நாள். ஒரு வேலையைப் பாதியில் விட்டு அடுத்ததற்குப் போனால் மனத்தின் ஒரு பகுதி முதல் வேலையிலேயே ஒட்டிக்கொண்டிருக்கும் என்று சோஃபி லெராய் 2009இல் காட்டினார். டீம் லீடுக்கு நாளில் ஒரு மணி நேரமாவது யாரும் கூப்பிடாத நேரம் வேண்டும்.

‘ஸ்கார்ஃப்’ என்ற மாதிரியையும் உங்களிடம் யாராவது கொண்டு வருவார்கள். 2008இல் டேவிட் ராக் எழுதியது: மதிப்பு, நிச்சயம், சுயவிருப்பம், உறவு, நியாயம் என்ற ஐந்தில் ஒன்று அடிபட்டாலும் மூளை அதை ஆபத்தாக எடுத்துக்கொள்ளும் என்பது சாரம். இதற்கு ஆதாரமாக அடிக்கடி காட்டப்படுவது 2003இல் வந்த பந்து விளையாட்டு ஆய்வு. கணினியில் பந்து போடும் ஆட்டத்தில் ஒருவரை ஒதுக்கியபோது உடல்வலியோடு தொடர்புள்ள மூளைப் பகுதி ஒன்று கூடுதலாக வேலை செய்தது. அதில் கலந்துகொண்டவர்கள் 13 பேர், அந்தப் பகுதியோ வலி தவிர வேறு எத்தனையோ வேலைக்கும் ஒளிரும். எனவே ஸ்கார்ஃபை அறிவியல் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், சரிபார்ப்புப் பட்டியலாக எடுத்துக்கொள்ளுங்கள். ஒருவரைத் திட்டும் முன் ‘எல்லோர் முன்னாலும் சொல்கிறேனா, அவருக்கு நியாயமாகப் படுமா’ என்று யோசிக்க வைத்தால் நல்லதுதானே. அதற்கு மூளைப் படம் தேவையில்லை.

படி 9: ஒரு வருஷம் கழித்துத் திரும்பிப் பாருங்கள்

தேர்ந்தெடுத்தவர்களின் மதிப்பெண்களை ஓர் எக்செல் தாளில் வைத்திருங்கள். பன்னிரண்டு மாதம் கழித்து அவர்களுடைய டீமிலிருந்து எத்தனை பேர் வேலையை விட்டார்கள், தரத்தில் புகார் எத்தனை, டீம் ஆட்கள் பெயர் போடாமல் கொடுக்கும் மதிப்பீடு என்ன என்று பக்கத்தில் எழுதுங்கள். பத்துப் பேரை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். பத்துப் பேரில் எந்தத் தொடர்பும் தெரியும், எதுவும் தெரியாமலும் போகும். மூன்று நாலு வருஷம் சேர்ந்து ஐம்பது அறுபது பேர் வந்ததும் எந்தக் கேள்வி வேலை செய்கிறது என்று ஓரளவு புரியும். ஒன்றுமே சொல்லாத கேள்வியைத் தூக்கிவிட்டுப் புதிதாக ஒன்று வையுங்கள். விற்பனையாளரிடம் வாங்கிய தேர்வு ஒன்றுமே சொல்லவில்லை என்றால் ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் மாதத்தில் அந்தத் தாளை அவருக்கே அனுப்பி, விளக்கம் கேளுங்கள்.

பதவி கிடைக்காமல் போனவர்களின் அறிக்கைகளை, முதல் நாள் அந்த ஒரு பக்கத் தாளில் சொன்ன தேதியில் அழித்துவிடுங்கள். மூன்று வருஷத்துக்கு முந்தைய ‘மனத் தத்தளிப்பு 67’ என்ற வரி அடுத்த பதவி உயர்வுக் கூட்டத்தில் யார் கையிலும் இருக்கக் கூடாது.